வாயிலும் வனப்பும்: தலைநகரிற் பொதுக்கட்டடங்களைக் காணுதல் பற்றிய ஒரு நோக்கு

தலைநகருக்குச் செல்வோர் ஆங்குள்ள அரசமாளிகைகளையும் மன்றங்களையும் சுற்றிப் பார்த்து வருதல் பண்டுதொட்டு நிலவும் வழக்கம். தமிழிலக்கியம் இவ்வழக்கத்துக்குப் பேரிடம் அளித்துள்ளது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. அதன் பெரும்பகுதி மதுரைமாநகரின் பகற்காட்சியும் இராக்காட்சியுமே. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என ஒரு காதையே இதன்பொருட்டு அமைந்துள்ளது. சிங்கள இலக்கியத்திலும் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த தூதுக் காப்பியங்கள், பறவையொன்றை நகரின்மீது பறக்கவிட்டு அந்நகரின் சிறப்புக்களை அதன் கண்வழியாகக் காட்டுகின்றன. ஆகவே நகர்காண்டல் வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளத்தக்கதன்று. மக்கள் தம் அரசைப்பற்றி என்ன எண்ணினர், அரசு தன்னை மக்களுக்கு எவ்வாறு காட்ட விரும்பியது என்னும் இரண்டினையும் அறிதற்கு அஃது ஒரு கருவியாகும்.

இக்காலத்து வழிகாட்டி நூல்கள் ஒரு கட்டடத்தின் உயரம், தூண்களின் தொகை, கட்டிய ஆண்டு, செலவு ஆகியவற்றைக் கூறி அமைவன. பழம்புலவர் நோக்கு வேறு. மதுரையின் அறங்கூறவையத்தைக் கூறவந்த மருதனார் அதன் சுவரையும் கூரையையும் பற்றி ஒன்றும் கூறாது, அச்சமும் அவலமும் ஆர்வமும் நீக்கித் துலாக்கோல்போல் நடுநின்று தீர்ப்புரைப்போரையே காட்டுகின்றார். நெடுநல்வாடை பாடிய நக்கீரர் கட்டடக்கலையை நன்கறிந்தவர். கோலின் நிழல்கொண்டு திசை துணிந்து, நூலிட்டு மனைவகுக்கும் முறையையும், மலையைக் குடைந்தாலன்ன உயர்ந்த வாயிலையும் அவர் விரித்துரைக்கின்றார். எனினும் அவ்வளவும் உள்ளே தனித்திருக்கும் அரசியின் துயரை நமக்கு உணர்த்துதற்கே பயன்படுகின்றது. கட்டடம் மனிதரின் பொருட்டே என்பது இவர்தம் துணிபு.

இத்துணிபு முழு உருவம் பெறுவது சிலப்பதிகாரத்திலேயாம். அக்காப்பியத்தில் மதுரையைக் காண்போர் இருவர். முதல்வன் கோவலன். அவன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, யவனர் காக்கும் மதில்வாயிலைக் கடந்து, செல்வர் வீதியையும் இரத்தினக் கடைவீதியையும் கூலவீதியையும் கண்டு, மகிழ்ந்து மீள்கின்றான். இன்றைய சுற்றுலாப் பயணிக்கும் அவனுக்கும் பெரிதும் வேறுபாடில்லை. இரண்டாமவள் கண்ணகி. அவள் எதனையும் பார்க்க வந்தவளல்லள், கேட்க வந்தவள். அரண்மனை வாயிலில் நின்று தன் வரவை அறிவிக்குமாறு காவலனைப் பணிக்கின்றாள். அவன் அஞ்சினானாயினும் செய்தியை மறைத்தானல்லன். அரசனும் அவளை உள்ளே வருகவென்றான். வழக்குரைத்தாள், வென்றாள், பிழையுணர்ந்த மன்னன் உயிர்துறந்தான். கோவலன் கண்ட மதுரை அழகியது. அம்மதுரையின் அரசு எத்தகையது என்பதை நாம் அறிந்தது கண்ணகி வாயில் புகுந்த பின்னரே.

எனவே பொதுக்கட்டடம் ஒன்றை மதிப்பிடுவார் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. காண்போனுக்கு அது யாது காட்டுகின்றது? குறையுடையோனுக்கு அதன் வாயில் திறக்கின்றதா? முன்னதை வனப்பு என்றும் பின்னதை வாயில் என்றும் ஈண்டு வழங்குவோம். இவ்விரண்டினையும் கொண்டு நம் நாட்டுத் தலைநகரின் கட்டடங்கள் சிலவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்புக் கோட்டையில் சனாதிபதி மாளிகையின் முன் தேசாதிபதி எட்வேட் பாண்சின் சிலை நிற்கின்றது. கொழும்பிலிருந்து பிற ஊர்களுக்குள்ள தூரங்கள் இச்சிலையிலிருந்தே அளக்கப்படுவன. மாளிகையோ, ஒல்லாந்தரின் கடைசித் தேசாதிபதியாகிய வான் ஆங்கெல்பெக்கின் உறைவிடமாயிருந்து, பின் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1972ஆம் ஆண்டு இந்நாடு குடியரசாகும்வரை மகாதேசாதிபதிகளின் வாசத்தலமாக விளங்கியது. நாட்டின் வீதிகளெல்லாம் அளக்கத் தொடங்கும் இடம் இம்மாளிகையின் வாயில். அங்ஙனமாயினும் அவ்வீதிகளில் நடந்து வந்தோர் பலர்க்கு அவ்வாயில் நெடுங்காலம் அணுகற்கரியதாகவே இருந்தது. போர்க்காலத்தில் அதனைச் சூழ்ந்த வீதிகளும் அடைக்கப்பட்டிருந்தன.

யான் முதன்முதல் கொழும்பைக் கண்டது 2002ஆம் ஆண்டு, கண்டிவீதி திறக்கப்பட்ட பின்னர். பட்டப்படிப்புத் தொடர்பான அலுவலொன்று ஒரு நாளில் முடிந்தது, மற்றைநாள் ஓய்வாயிருந்தது. பாடநூல்களிற் படமாகக் கண்ட கட்டடங்களை நேரிற் காண விரும்பிப் புறப்பட்டேன். ஒரு வீதித்தடையில் நின்ற காவலர் என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த ஊரை நோக்கி, வந்த காரியம் யாதென வினவினார். கட்டடங்களைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் அதனை நம்பவில்லை. ஒரு மணி நேரத்தின் பின்னர் அட்டை மீண்டது. பார்க்கும் ஆசை மீளவில்லை. தன் நாட்டின் தலைநகரைச் சுற்றிப் பார்த்தல் ஒருவன் கூறும் காரணங்களுள் நம்பத்தகாததாய்விட்டமையை அன்று நினைந்து வருந்தினேன். இந்நிகழ்ச்சியை ஈண்டுக் குறிப்பது பழிகூறுதற்கன்று. வனப்பைக் காணும் கண்ணும் ஒரு வாயிலைக் கடந்தே செல்லவேண்டியுள்ளது என்பதைக் காட்டுதற்கே.

இனி, காலிமுகத்திடலின் வடபாலில் நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடத்தை நோக்குவோம். அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஒஸ்ரின் வூட்சன் வரைந்த இக்கட்டடத்தை 1930ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி தேசாதிபதி சேர் கேபேட் ஸ்ரான்லி திறந்துவைத்தார். கடலை நோக்கி ஏறும் அகன்ற படிகளும், அவற்றின்மேல் நிரல்பட நிற்கும் அயோனியத் தூண்களும் காண்போரை அமைதியாக்கும் பெருமிதமுடையன. கிரேக்க நாட்டிற் பிறந்து, உரோமாபுரியில் வளர்ந்து, இலண்டன் வழியாக நம்மிடம் வந்த வடிவம் இது. தூணின் இலக்கணம் நிமிர்ந்து நிற்றல்; அதன் எதிரே நிற்பவன் தன்னைச் சிறியவனாக உணர்தல் இயல்பு. இக்கட்டடம் வரையப்பட்ட காலத்தில் இந்நாட்டு மக்களுட் பெரும்பாலார்க்கு வாக்குரிமை இல்லை. சர்வசன வாக்குரிமை 1931ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆகவே இம்மன்றம் குடிகளின் அவையாதற்கு ஓராண்டு முன்னரே அதன் உருவம் முடிந்துவிட்டது. அரசுக்காகச் சமைத்த ஆடையைப் பின்னர் மக்களுக்கு அணிவித்தாற்போல்வது இது.

இம்மன்றத்தின் வரலாற்றில் நமக்கு நெருங்கிய தொடர்புண்டு. இதன் முற்றத்தில் சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆகிய உடன்பிறந்தாரின் சிலைகள் நிற்கின்றன. 1931ஆம் ஆண்டில் முதல் அரசாங்கசபை கூடியபோது, யாழ்ப்பாண வாலிப காங்கிரசு முன்னின்று நடத்திய பகிட்காரத்தால் வடபகுதியின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயிருந்தன. அவை நிரம்பியது 1934ஆம் ஆண்டிலே. பின்னர், 1956ஆம் ஆண்டு யூன் 5ஆந் திகதி, தனிச்சிங்களச் சட்டம் அம்மன்றில் எடுக்கப்பட்டபொழுது, சா. யே. வே. செல்வநாயகம் முதலானோர் எதிரேயுள்ள திடலில் அறவழியில் அமர்ந்தனர், அவ்விடத்திலேயே தாக்கப்பட்டனர். கண்ணகி சென்ற வழியிற் சென்ற குறையுடையோர்க்கு அன்று நேர்ந்தது அது. அவையின் கதவுக்கும் திடலுக்கும் இடைப்பட்ட தூரம் மிகச் சிறிது. மன்றத்தின் வனப்பை அளக்கும் எவரும் அச்சிறு தூரத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

நகரசபை மண்டபத்தைப்பற்றிச் சிறிதே கூறல் அமையும். 1928ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் வெண்ணிறமும் கவிகைமாடமும் அமெரிக்க நாட்டின் காங்கிரசு மண்டபத்தை நினைவூட்டுவன. விகாரமகாதேவிப் பூங்காவிலிருந்து நோக்க அழகியதே. எனினும் வேறொன்றை நினைவூட்டுதலே அதன் முதற்சிறப்பாயின், தனக்கென அது கூறுவது குறைவு என்க.

அருகேயுள்ள தேசிய நூதனசாலை அவ்வாறன்று. தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இக்கட்டடத்தை வரைந்தவர் யேம்ஸ் சிமிதர். கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரைக்காயர் என்னும் முஸ்லிம் பெருமகனார். வடிவம் இத்தாலிய நாட்டு மாளிகைகளைப் பின்பற்றியது. உள்ளடக்கமோ இந்நாட்டுக்கே உரியது. கண்டியரசரின் சிங்காசனம் இங்கிலாந்திலிருந்து 1934ஆம் ஆண்டு மீண்டு வந்து இங்கே வைக்கப்பட்டுள்ளது. அதனினும் என்னைக் கவர்ந்தது காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டாகும். சீனத் தளபதி செங்கோவின் வருகையையொட்டி, 1409ஆம் ஆண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்ட அக்கல்லில் சீனமொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றுகின்றன. 1409ஆம் ஆண்டில் அந்நிய நாட்டார் ஒருவர் இத்தீவினர்க்குச் செய்தி கூற விரும்பியபோது தமிழை விடுத்துக் கூறலாகாது எனக் கண்டார். மொழியும் ஒரு வாயிலன்றோ! பிற்காலத்தில் மாணவரோடு யான் சென்ற பொதுக்கட்டடமொன்றில் விளக்கங்கூற வந்தவர் தமிழறியார். எம்முடன் வந்த ஆசிரியர் ஒருவர் தமக்குத் தெரிந்த சிங்களத்தைக் கொண்டு ஒருவாறு பெயர்த்துரைத்தார். கதவு திறந்திருந்தது, எனினும் பிள்ளைகள் வெளியிலேயே நின்றனர்.

சுதந்திர மண்டபம் கண்டியிலுள்ள மகுல் மடுவ என்னும் அரசிருக்கை மண்டபத்தை முன்மாதிரியாகக் கொண்டது. இராசாதிராசசிங்கன் என்னும் நாயக்க மன்னன் தொடங்கிய அம்மண்டபத்திலேதான் 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதி கண்டியரசு ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஆட்சி கைமாறிய இடத்தின் வடிவையே ஆட்சி மீண்டமைக்கு நினைவாக்கியது பொருந்துமோ என்பார் உளர். இழந்த இடத்திலேயே பெறுதல் முறையென்பது அதற்கு விடையாகலாம். கலைநோக்கிற் குறைகூறத்தக்கது வேறொன்று. மகுல் மடுவவின் உயிர் அதன் மரத்தூண்களிலுள்ளது. தச்சனின் உளிக்கு இசைந்து நெகிழும் மரத்தின் இயல்பே அச்சிற்பங்களுக்குக் காரணம். அவ்வடிவைக் கொங்கிறீற்றிற் பெருக்கி அமைத்தவழி, உளியின் சுவடு மறைந்து அச்சின் சுவடே எஞ்சுகின்றது. இதனால் வனப்பென்னும் அளவில் இம்மண்டபம் பழைய பாராளுமன்றத்துக்குப் பிற்பட்டதே.

ஆயின் வாயிலென்னும் அளவில் முடிவு நேர்மாறாகின்றது. இம்மண்டபத்துக்குச் சுவரில்லை. நான்கு புறத்தினின்றும் காற்று வருமாறே மக்களும் வருகின்றனர். மாலைவேளையிற் சிறுவர் ஓடி விளையாடுகின்றனர்; முதியோர் நடக்கின்றனர்; படிகளில் அமர்ந்து மாணவர் படிக்கின்றனர். அவர்களுள் எவரும் தாம் ஒரு பொதுக்கட்டடத்தைக் காணவந்ததாக எண்ணுவதில்லை. தம்முடையதொன்றைப் பயன்படுத்துவோர் அதனைக் காணவந்ததாகக் கூறார். சிற்பத்திற் குறையுடைய மண்டபம் பொதுமையில் நிறைவுடையதாதல் நாம் கருதத்தக்கது.

இறுதியாகத் தியவன்னா ஓயாவின் நடுவே ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேயில் விளங்கும் புதிய பாராளுமன்றத்துக்கு வருவோம். ஜெப்ரி பாவா வரைந்த இக்கட்டடம் 1982ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆந் திகதி திறக்கப்பெற்றது. சதுப்பு நிலத்தை அகழ்ந்து நீர்நிலையாக்கி, நடுவே ஏறத்தாழ 12 ஏக்கர் அளவுள்ள தீவொன்றை உண்டாக்கி, அதன்மேற் செப்புக்கூரை வேய்ந்த மண்டபங்கள் அமைக்கப்பட்டன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவன கூரைகளே. நடுமண்டபம் பெரிது, சுற்றியுள்ளவை சிறிய, ஒன்றையொன்று ஒவ்வாத அளவின. ஓர் ஊரின் நடுவே அம்பலம் நிற்க, வீடுகள் அதனைச் சூழ்ந்தாற்போல்வது இத்தோற்றம். தூண் அதிகாரத்தைக் காட்டும். கூரை நிழலைக் காட்டும். மழையும் வெயிலும் மிக்க நாட்டில், அரசு என்பது குடிகளுக்கு நிழலாதல் வேண்டும் என்னும் நினைவை இக்கூரைகள் எழுப்புகின்றன. அந்நியர் இலக்கணத்தைக் கடன்பெறாமலும், பழங்கட்டடமொன்றைப் படியெடுக்காமலும், இத்தீவின் கட்டட மரபைப் புதிதாகப் பேசவைத்தமையால் இக்கட்டுரையிற் கூறிய யாவற்றினும் வனப்பில் முதன்மையுடையது இதுவே என்பது எனது துணிபு.

எனினும் நீர் சூழ்ந்த அவ்வழகே ஓர் அகழியுமாகும். கோட்டே என்னும் இவ்விடம் 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனாரால் அரணாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் படையைத் தடுத்தலே அவ்வரணின் நோக்கம். அடுத்த நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் பொருட்டுச் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தை வென்றான். அக்காலத்தெழுந்த கோகில சந்தேசம் தேவேந்திரமுனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குயிலைத் தூதுவிடுகின்றது. குயிலுக்கு அகழி தடையன்று. மனிதர்க்கு அது தடையே. பாடசாலை மாணவர் முன்னனுமதி பெற்று இம்மன்றத்தைக் காணலாம் என்பது உண்மை, நன்றுமாம். யானும் 2018ஆம் ஆண்டு எம் மாணவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றேன். பேருந்து நீர்நிலையின் கரையிற் சென்றுகொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கூரைகளைச் சுட்டி, “சேர், உதுக்குள்ள எங்களையும் விடுவினமோ?” என்றான். எழுதிக் கேட்டால் விடுவார்கள் என்றேன். அவன் சற்று யோசித்து, “பார்க்கவோ, கதைக்கவோ?” என்றான். இக்கட்டுரையின் இரண்டு வினாக்களும் அவனுடைய அவ்வொரு கேள்வியில் அடங்கியிருந்தன.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். காவலின்றி அரசமன்றம் நிற்கலாகுமோ என்பது அது. ஆகாது. 1987ஆம் ஆண்டு ஓகத்து 18ஆந் திகதி இப்பாராளுமன்றக் கட்டடத்தினுள்ளேயே கைக்குண்டு வீசப்பட்டது. 1996ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி மத்திய வங்கியின்மீது குண்டுலொறி மோதியதில் மாண்டோர் எண்பதின்மருக்கு மேற்பட்டோர்; அவர்களுட் பெரும்பாலார் வழக்கம்போல அலுவலுக்கு வந்த எளியோர். காவல் வேண்டாவென்பார் இவர்களை மறந்தோராவர். மதுரையின் வாயிலிலும் காவலன் நின்றான். அவன் நின்றது குற்றமன்று. அவன் கண்ணகியின் சொல்லை உள்ளே கொண்டுசென்றான் என்பதே அவன் தொழிலின் நிறைவு. பகைவனைத் தடுப்பதோடு குறையுடையோன் செய்தியை உள்ளே சேர்ப்பிப்பதும் வாயில்காப்போன் கடனாம். பின்னைய கடன் மறக்கப்பட்டவிடத்து வாயில் மதிலாகின்றது.

அவ்வாறு மதிலான வாயிலுக்கு நேர்ந்ததை நாம் 2022ஆம் ஆண்டிற் கண்டோம். பழைய பாராளுமன்றம் அப்போது சனாதிபதி செயலகமாயிருந்தது. எரிபொருளும் உணவும் மருந்தும் இன்றி வருந்திய மக்கள் ஏப்பிரில் 9ஆந் திகதி தொடங்கி அதன் வாயிலிற் பாசறையிட்டு இருந்தனர். யூலை 9ஆந் திகதி செயலகத்துள்ளும் சனாதிபதி மாளிகையுள்ளும் பெருந்திரள் புகுந்தது. அன்றும் அதனையடுத்த நாட்களிலும் குடும்பத்தோடு வந்த மக்கள் வரிசையில் நின்று மாளிகையைச் சுற்றிப் பார்த்தனர்; நாற்காலிகளில் இருந்து படம் பிடித்தனர்; இளைஞர் நீச்சற்குளத்தில் நீந்தினர். சனாதிபதி நாட்டைவிட்டு நீங்கி, யூலை 14ஆந் திகதி பதவி துறந்தார். யூலை 22ஆந் திகதி விடியுமுன் படையினர் செயலகத்தையும் முன்றிலையும் மீட்டனர்.

நாட்டின் வரலாற்றில் இதனையொத்த நகர்காண்டல் பிறிதொன்றில்லை. மாளிகையை வெளிநின்று கண்ட மக்கள் அன்று உள்நின்று கண்டனர். அவர்தம் உவகை இயல்பானது. எனினும் ஆய்வாளன் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. உடைந்த வாயிலின்வழிப் புகுதலும் திறந்த வாயிலின்வழிப் புகுதலும் ஒன்றாகா. புகுந்தோர் கட்டிலையும் குளத்தையும் கண்டனர். வழக்கைக் கேட்டற்குரியவர் அங்கு இலர். உள்ளே சென்றும் பலர் காண்போராகவே மீண்டனர். கதவு தகர்ந்த நாளிலும் கண்ணகிக்கு விடை கிடைத்ததில்லை. அன்றிரவே பிரதமரின் சொந்த இல்லம் எரியூட்டப்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று. கேட்கும் வாயிலைப் பல்லாண்டு அடைத்துவைத்தல் ஈற்றில் ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் ஒருங்கே இழப்பாய் முடிகின்றது.

மகாவமிசம் எல்லாளனைப் பற்றிக் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. அநுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்ட அத்தமிழரசனின் படுக்கையின் தலைமாட்டில் மணியொன்று தொங்கியது. நீதிவேண்டுவார் எவரும் அசைக்குமாறு அதன் கயிறு நீண்டிருந்தது. பகைவனாயினும் அவன் நடுநிலையைச் சிங்களப் பேரிலக்கியம் மறைக்காது புகழ்ந்தது. அவனுடைய அரண்மனை எத்தனை தூண்களையுடையது, அதன் கூரை எப்பொருளால் வேயப்பட்டது என்பவை எவர் நினைவிலும் இல்லை. கயிறு இன்றும் நினைவிலுள்ளது.

ஆதலின் மாணவரைத் தலைநகருக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தூண்களைக் காட்டுங்கள், கூரைகளைக் காட்டுங்கள், வரைந்தவர் பெயரையும் கட்டிய ஆண்டையும் கூறுங்கள். அவ்வளவில் நில்லாது, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் சிறிது தங்கி, இதன் மணி எங்கேயுள்ளது, அதன் கயிறு எவ்வளவு தூரம் நீண்டுள்ளது எனப் பிள்ளைகளைத் தேடச் செய்யுங்கள். சிலவிடத்துக் காண்பர், பலவிடத்துக் காணார். காணாதவிடத்து அதனைக் கட்டித் தொங்கவிடவேண்டியோர் தாமே என்பதை அறிந்து மீள்வரேல், அச்சுற்றுலாவினும் சிறந்த பாடம் பிறிதில்லை.